பின்னால் இடிபட்ட கார்: பம்பரைக் கழற்றிப் பார்க்கும்வரை கணக்கு முடிக்காதீர்கள்

யாழ்ப்பாணத்தில், கொக்குவில் ரயில் கடவைக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போது நடக்கும். பலாலி வீதியில் மாடு குறுக்கே வந்து, முன்னால் போன ஓட்டோ சடாரென்று நிற்கும்போது நடக்கும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் பிரதான வீதி தடைபட்டு வாகனங்களெல்லாம் ஒழுங்கைகளுக்குள்ளால் ஊரும்போதும் நடக்கும். "டொம்" என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் பம்பரில் இரண்டு கீறல். "பெருசா ஒண்டுமில்லை அண்ணை, அஞ்சாயிரம் தாறன், விடுங்கோ" என்று மற்றவர் சொல்லுவார். பார்த்தால் அவர் சொல்வது சரி போலத்தான் இருக்கும். காசை வாங்கிக்கொண்டு வந்து மூன்று நாளில் டிக்கி சரியாகப் பூட்டுப்படாது, அல்லது காலையில் எழும்பினால் கழுத்து திரும்பாது. அப்போது அந்த மனுசனைத் தேடிப் பயனில்லை.

ஏன் இப்படி நடக்கிறது என்று விளங்கினால் மற்றதெல்லாம் இலகு. பம்பர் என்று நாங்கள் சொல்வது வெறும் பிளாஸ்ரிக் உறை. அதற்கு உள்ளே றெஜிபோம் போன்ற ஒரு மெத்தை, அதற்கும் பின்னால் ஒரு இரும்புச் சட்டம். அந்தச் சட்டம் செஸியின், அதாவது காரின் அடிச்சட்டத்தின், இரண்டு கைகளோடு போல்ற் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். அடி விழும்போது பிளாஸ்ரிக் உள்ளே போய்விட்டுப் பழையபடி வெளியே வந்துவிடும். மெத்தை அப்படி மீளாது, நொறுங்கும். சட்டம் வளையும். வெளியே கீறலும் உள்ளே ஒரு அங்குல வளைவுமாக இருக்கிற கார்கள் எத்தனையோ. அதனால் வீதியில் வைத்துத் தொகை பேசி முடிப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு விலை பேசுகிற மாதிரி.

இடித்த உடனே

ஹஸாட் லைற்றைப் போடுங்கள், கியரை நியூற்றலுக்கோ பார்க்கிற்கோ கொண்டுபோங்கள், கை பிறேக்கை இழுங்கள், எஞ்சினை நிறுத்துங்கள். இறங்க முன்னர் வலப்பக்கக் கண்ணாடியைப் பாருங்கள். சாரதியின் கதவு வீதிப் பக்கமாகத்தான் திறக்கும். இடிபட்ட கோபத்தில் கதவைத் தள்ளித் திறந்து, பின்னால் வந்த மோட்டார் சைக்கிளை விழுத்தினால் சின்ன விபத்து பெரிய விபத்தாகிவிடும்.

இறங்கியதும் முதல் வார்த்தை வாகனத்தைப் பற்றியதாக இருக்கக்கூடாது. "ஆக்களுக்கு ஒண்டுமில்லையோ?" என்று கேளுங்கள். அது மனிதத்தன்மை, அதோடு மற்றவருடைய சூடும் உடனே இறங்கும். உங்கள் காருக்குள் இருந்தவர்களை, குறிப்பாகப் பின் சீற்றில் இருந்த பிள்ளைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். கர்ப்பிணி என்றால் நோ இல்லாவிட்டாலும் அன்றைக்கே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

யாருக்காவது காயம், மயக்கம், கழுத்திலோ முதுகிலோ கடும் நோ இருந்தால் 1990க்கு அழையுங்கள். அது இலவச அம்புலன்ஸ் சேவை, தமிழில் கதைக்கலாம். இடத்தைச் சொல்லும்போது வீதியின் பெயர், கிட்டிய சந்தி, முன்னால் இருக்கிற கடையோ கோயிலோ பள்ளிக்கூடமோ, இந்த மூன்றையும் சொல்லுங்கள். பொலிஸுக்கு 119. காயப்பட்டவர் இருக்கிற விபத்தில் அவரைக் காப்பாற்றுவதற்காகவே தவிர, பொலிஸார் வந்து பார்க்கும்வரை வாகனத்தை அசைக்க வேண்டாம்.

மோட்டார் சைக்கிள் வந்து காரின் பின்னால் அடிப்பது இங்கே நிறைய நடக்கிறது. அதை ஓடி வந்தவர் எழும்பி நின்றாலும், தலை அடிபட்டதா என்று கேளுங்கள். படுத்திருந்தால் தூக்கி நிறுத்தவோ ஹெல்மெற்றை இழுத்துக் கழற்றவோ விடாதீர்கள். கூடுகிற சனம் நல்ல மனதோடு தண்ணீர் பருக்கப் பார்க்கும், அதையும் தடுங்கள்.

எச்சரிக்கை முக்கோணப் பலகை இருந்தால் வாகனத்துக்குப் பின்னால் வையுங்கள், ஊருக்குள் இருபது காலடித் தூரத்தில் போதும். நாவற்குழி, கைதடி, கொடிகாமம் பக்கத்து ஏ9 வீதியில் ஐம்பது மீற்றருக்குக் குறையக்கூடாது. இரவு நேரம், முடக்கு, மழை என்றால் இன்னும் தூரம். பலகை இல்லையா, ஒருவர் வீதிக்கு வெளியே நின்று போன் லைற்றைக் கீழே பிடித்து ஆட்டலாம். இரண்டு வாகனங்களுக்கும் இடைப்பட்ட இடத்தில் மட்டும் ஒருவரும் நிற்கக்கூடாது. பின்னால் மூன்றாவது வாகனம் வந்து அடித்தால் கால் இரண்டும் போகும்.

முதலில் போட்டோ, பிறகு ஓரம்

காயம் எதுவும் இல்லை, வாகனங்கள் ஓடுகிற நிலையில் இருக்கின்றன என்றால் இரண்டு நிமிடத்துக்குள் போட்டோ எடுத்துவிட்டு ஓரமாக எடுக்கலாம். இதற்கு ஒரேயொரு விலக்கு ரயில் கடவை. அடிபட்டுத் தண்டவாளத்தின் மேல் தள்ளப்பட்டால் போட்டோவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். ஆட்களை இறக்கி, காரைத் தள்ளி வெளியே எடுங்கள். கார் அசையவில்லை என்றால் காரை விட்டுவிட்டு விலகி நின்று கடவைக் காவலாளிக்குச் சொல்லுங்கள்.

நிறையப் பேர் பம்பரைக் கிட்டவாக நாலு படம் எடுத்துவிட்டு முடித்துவிடுவார்கள். அந்தப் படங்களில் எந்த வாகனம், எந்த இடம் என்று ஒன்றும் தெரியாது. வேண்டிய படங்கள் இவை: இரண்டு வாகனங்களும் நின்ற நிலையில், இரண்டு இலக்கத்தகடுகளும் தெரிய, ஐந்தாறு காலடி பின்னால் நின்று இரண்டு பக்கத்திலிருந்தும். வீதியின் நடுக்கோடும் கடைப் பெயர்ப்பலகையும் ஒரே படத்தில் விழ ஒன்று. நிலத்தில் கிடக்கும் கண்ணாடித் துண்டு, பிளாஸ்ரிக், ரயர் இழுபட்ட அடையாளம். பிறகு சேதத்தைக் கிட்டவாக, பக்கத்தில் கார்த் திறப்பையோ நாணயக் குற்றியையோ பிடித்து, அளவு தெரியும்படி. மற்ற வாகனத்தின் முன்பக்கத்தையும் எடுங்கள். எந்த உயரத்தில் பட்டது என்பதை அதுதான் காட்டும். கடைசியாக டிக்கியைத் திறந்து கம்பளத்தைத் தூக்கி, உள்ளே ஸ்பெயார் வீல் குழியை ஒரு படம். இதை யாரும் எடுப்பதில்லை. பின்னால் அதிகம் உதவுவது இந்தப் படம்தான்.

எல்லாம் முடிய, நடந்துகொண்டே அரை நிமிட வீடியோ. வட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த நேரமும் இடமும் அழிந்துபோகும். ஆகவே மூலப் படங்களைப் போனிலேயே வைத்திருங்கள்.

டாஷ் கமரா இருந்தால் அந்த இடத்திலேயே அதை நிறுத்தி அட்டையைக் கழற்றிவிடுங்கள். விட்டால் புதிய பதிவு பழையதன் மேல் ஏறி, பின்னேரத்துக்குள் அடிபட்ட காட்சி போய்விடும். கமரா இல்லாவிட்டால் சுற்றிப் பாருங்கள், இப்போது கடைகளில் கமரா இல்லாத கடை குறைவு. கடைக்காரரிடம் அன்றைக்கே போய், "ஐயா, மூன்றரைக்கும் மூன்றே முக்காலுக்கும் இடையில உள்ளதை ஒருக்கால் எடுத்துத் தாறியளோ" என்று நேரம் குறிப்பிட்டுக் கேளுங்கள். வாரம் இரண்டு போனால் அந்தப் பதிவும் அழிந்துவிடும்.

என்ன கேட்டு வாங்குவது, என்ன சொல்லாமல் விடுவது

மற்றவரின் சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி அட்டை, வாகன வரிப்பத்திரம். எழுதிக்கொண்டிருக்காமல் படமாக எடுங்கள். காப்புறுதி முடிகிற திகதியைப் பாருங்கள். அவர் தந்த போன் இலக்கத்துக்கு அவர் முன்னாலேயே ஒரு அழைப்பு எடுத்து, மணி அடிக்கிறதா என்று பாருங்கள். சாரதி ஒருவர், வாகனச் சொந்தக்காரர் இன்னொருவர் என்றால் சொந்தக்காரரின் பெயரும் இலக்கமும் வேண்டும். இ.போ.ச. (அரச) பஸ் என்றால் பஸ் இலக்கத்தோடு எந்தச் சாலைக்கு (டிப்போவுக்கு) உரியது என்பதையும், தனியார் பஸ் என்றால் வழித்தட இலக்கத்தையும் குறியுங்கள். நேரில் கண்ட ஒருவரின் பெயரும் போன் இலக்கமும் கிடைத்தால் பெரிய பலம்.

பேச்சில் கவனம் வேண்டும். "பிழை என்னுடையதுதான்" என்றோ "எனக்கு ஒண்டும் இல்லை, நான் நல்லா இருக்கிறன்" என்றோ அங்கே சொல்ல வேண்டாம். முதலாவது, காப்புறுதி நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் பிழையை ஏற்கக்கூடாது என்பது ஏறக்குறைய எல்லா ஒப்பந்தங்களிலும் உள்ள நிபந்தனை. இரண்டாவது, கழுத்து நோ பலருக்கு அடுத்த நாள்தான் வரும்.

பின்னால் வந்து அடித்தவரில்தான் பெரும்பாலும் பிழை விழும். இடைவெளி விட்டு ஓடுவது பின்னால் வருபவரின் கடமை. ஆனால் எப்போதும் அப்படியல்ல. முன்னால் நின்றவர் பின்னுக்கு எடுத்திருந்தால், ஒழுங்கையிலிருந்து திடீரென்று உள்ளிட்டு உடனே பிறேக் பிடித்திருந்தால், பிறேக் லைற் எரியாமல் இருந்திருந்தால் கதை மாறும். அதனால் அந்த இடத்திலேயே உங்கள் பிறேக் லைற்றை மிதித்துக் காட்டி, எரிவதைப் படமெடுத்து வையுங்கள்.

மூன்று வாகனங்கள் தொடராக அடிபட்டால் நடுவில் நின்றவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முன்னால் நின்றவர் ஒரு அடியை உணர்ந்தாரா, இரண்டு அடியா? ஒன்று என்றால் நடுக் கார் நின்றிருந்தது, பின்னால் வந்தவர் தள்ளியதால்தான் முன்னால் பட்டது. இரண்டு என்றால் நடுக் கார் முதலில் தானே அடித்துவிட்டது. அந்தப் பதிலை எழுதியோ குரல் பதிவாகவோ உடனே வாங்குங்கள். நாள் போனால் ஒன்று இரண்டாகும், இரண்டு ஒன்றாகும்.

காப்புறுதிக்கு அந்த இடத்திலிருந்தே

வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு அழைக்கலாம் என்று நினைப்பதுதான் கனபேர் விடும் பிழை. இலங்கையில் முழுக் காப்புறுதி செய்த வாகனம் என்றால், விபத்து நடந்த இடத்திலிருந்தே காப்புறுதி அட்டையில் உள்ள 24 மணி நேர இலக்கத்துக்கு அறிவிப்பதுதான் முறை. அவர்கள் ஆளை அனுப்புவார்கள், அல்லது படம் அனுப்பச் சொல்வார்கள். ஒரு முறைப்பாட்டு இலக்கம் தருவார்கள். அந்த இலக்கம், கதைத்தவரின் பெயர், கதைத்த நேரம் மூன்றையும் குறித்து வையுங்கள். கேட்க வேண்டியவை நாலு: வாகனத்தை எடுக்கலாமா, பொலிஸ் பதிவு வேண்டுமா, எந்தக் கராஜில் விடலாம், கோரிக்கைப் படிவம் எத்தனை நாளுக்குள் வர வேண்டும்.

அடித்தவரிடம் மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தாலும் உங்கள் காரின் சேதத்துக்கு அவருடைய நிறுவனத்திடம் கோரலாம். ஆனால் அதற்குப் பொலிஸ் பதிவு கேட்பார்கள், நாளும் எடுக்கும். அவருடைய சொந்த வாகனத்துக்கு அந்தக் காப்புறுதியில் ஒரு சதமும் வராது. இது தெரியாததால்தான் வீதியில் பாதிச் சண்டை நடக்கிறது.

பொலிஸ் நிலையத்துக்குப் போவது என்று முடிவெடுத்தால் அன்றைக்கே, விபத்து நடந்த இடத்துக்குரிய நிலையத்துக்குப் போங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கவும் தமிழில் பதிவிக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. விளங்காத மொழியில் எழுதியதில் கையொப்பம் வைக்க வேண்டாம். மரியாதையாக, "தமிழில வாசிச்சுக் காட்டுங்கோ, பிறகு வைக்கிறன்" என்று சொல்லலாம். நேரம், வீதி, எந்தப் பக்கமாகப் போனீர்கள், நின்றிருந்தீர்களா ஓடிக்கொண்டிருந்தீர்களா, எந்தப் பாகத்தில் பட்டது, இவ்வளவும் இருக்கிறதா என்று பாருங்கள். மற்றவர் எவ்வளவு வேகத்தில் வந்தார் என்று ஊகம் சொல்ல வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து உறவினரின் காரை ஓடுபவர்கள் கவனிக்க: இங்கே செல்லுபடியாகும் அனுமதி இல்லாமல், அங்கத்தைய லைசன்ஸை மட்டும் வைத்து ஓடியிருந்தால் காப்புறுதி மறுக்கப்படலாம். மதுவுக்கும் அதே கதிதான்.

வீதியில் காசு வாங்குவதாக இருந்தால்

தெரிந்தவர், அயலவர், அல்லது வாழ்வாதாரமே அந்த ஓட்டோதான் என்கிற ஒருவர். எல்லோரையும் பொலிஸுக்கும் காப்புறுதிக்கும் இழுக்க மனம் வராது, அது சரியான மனம்தான். ஆனாலும் வாங்குகிற காசு "முழுத் தீர்வு" அல்ல, "முற்பணம்". இந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. கொப்பித் தாளில் இவ்வளவு எழுதினால் போதும்:

"……… ஆம் திகதி பி.ப. ……… மணியளவில், ……… வீதியில், ……… இலக்க வாகனம், முன்னால் நின்ற ……… இலக்க வாகனத்தின் பின்பக்கத்தில் மோதியது. திருத்தச் செலவுக்கு முற்பணமாக ரூபா ……… பெறப்பட்டது. பம்பரைக் கழற்றிப் பார்த்த பின் வரும் முழுச் செலவில் இத்தொகை கழிக்கப்படும். உடல் காயம் தொடர்பான எந்த உரிமையும் இதனால் விட்டுக்கொடுக்கப்படவில்லை."

இருவரும் கையொப்பமும் அடையாள அட்டை இலக்கமும் வைத்து, ஆளுக்கொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத மறுக்கிறவர் மிச்சக் காசையும் தரமாட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படியென்றால் நேரே பொலிஸ். முழுக் காப்புறுதி உள்ளவர்கள் காசு வாங்க முன்னர் நிறுவனத்துக்கு அழைத்துச் சொல்ல வேண்டும். சொல்லாமல் தனியே பேசி முடித்தால், பிறகு வருகிற செலவை அவர்கள் தட்டிக்கழிக்க அதுவே காரணமாகும்.

காப்புறுதியில் கோருவதா, கையால் கட்டுவதா என்பது கணக்கு. ஒரு உதாரணம்: திருத்தம் 25,000 ரூபாய், ஒப்பந்தப்படி நீங்கள் ஏற்க வேண்டிய முதல் பங்கு 10,000. கையில் வருவது 15,000. ஆனால் கோரியதால் கோரிக்கையற்ற போனஸ் (கோராமல் இருப்பவருக்குத் தவணையில் தரும் கழிவு) குறைந்து அடுத்த வருடத் தவணை 20,000 கூடினால் உங்களுக்கு 5,000 நட்டம், அதற்கடுத்த வருடங்களிலும் தவணை கூடியபடியே இருந்தால் நட்டம் இன்னும் ஏறும். ஆகவே அறிவிப்பதை உடனே செய்யுங்கள், கோருவதா என்பதைக் கராஜ் மதிப்பீடு வந்த பிறகு முடிவெடுங்கள். அறிவிப்பதும் கோருவதும் ஒன்றல்ல. "அறிவித்தேன், கோரவில்லை என்றால் போனஸ் குறையுமா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

ஓடிக்கொண்டு போகலாமா?

பெற்றோல் மணம் வருகிறதா என்று முதலில் பாருங்கள். அநேக கார்களில் தாங்கி பின் சீற்றுக்குக் கீழே இருக்கும். மணம் வந்தால் ஸ்ராட் பண்ணவே வேண்டாம், சுற்றி நிற்பவர்களைச் சிகரெட்டை அணைக்கச் சொல்லுங்கள். மணம் இல்லை என்றால் குனிந்து சைலன்சர் தொங்குகிறதா, பம்பர் ரயரில் முட்டுகிறதா என்று பார்த்து, ஸ்ராட் பண்ணி, ஸ்ரியறிங்கை முழுதாக இரண்டு பக்கமும் திருப்பி ஒரு வட்டம் மெதுவாக ஓடிப் பாருங்கள். உரசுகிற சத்தம் வந்தால் நிறுத்துங்கள். பிறேக், சிக்னல், றிவேர்ஸ் லைற்றுகள் எரிய வேண்டும். ஆள் இல்லாத நேரம் மதில் ஒன்றுக்குப் பின்பக்கத்தைக் காட்டினால் வெளிச்சம் தெரியும்.

டிக்கி பூட்டுப்படாவிட்டால் கயிற்றால் கட்டலாம். ஆனால் திறந்த டிக்கி வழியாகச் சைலன்சர் புகை காருக்குள் இழுபடும். கண்ணாடி எல்லாம் இறக்கி, கிட்டிய கராஜ் வரை மட்டும் ஓடுங்கள்.

நீங்கள் பின்னால் வந்து அடித்தவர் என்றால் பார்க்க வேண்டியது முன்பக்கம். கிறில்லுக்குப் பின்னால் முதலில் ஏசி கொண்டென்சர், அடுத்தது றேடியேற்றர். கீழே பச்சை அல்லது சிவப்புத் தண்ணீர் சொட்டினால் அது கூலன்ற், எஞ்சினைக் குளிர்விக்கிற நீர். வெப்பமானி ஏறும்வரை ஓடிப் பார்க்கலாம் என்று நினைத்தால் எஞ்சின் சூடேறி, ஹெட் காஸ்கெற் என்கிற உள் அடைப்புத் தகட்டுக்கும் சேர்த்துக் காசு கட்ட வேண்டிவரும். ஏசி போடாமல் ஊற்றும் தெளிந்த தண்ணீர் என்றாலும் விட்டுவிடாதீர்கள், றேடியேற்றருக்கு வெறும் தண்ணீர் விடுபவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள்.

ஹைபிரிட் கார்களில் கூடுதல் கவனம். பழைய ஒஸ்ரின் காரை ஓடிய அப்பாவுக்கு இந்தக் கவலை இருந்திருக்காது. பிறியஸின் மூன்றாம் தலைமுறையில் பெரிய பற்றரி பின் சீற்றுக்குப் பின்னால், ஹொண்டா பிற் ஹைபிரிட்டில் டிக்கித் தளத்துக்குக் கீழே. அக்குவாவில் பின் சீற்றுக்குக் கீழே இருப்பதால் கொஞ்சம் பாதுகாப்பு. டாஷ் போட்டில் ஹைபிரிட் எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ, செம்மஞ்சள் நிற வயர் எங்காவது வெளியே தெரிந்தாலோ தொடவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம்.

இழுத்துக்கொண்டு போவதென்றால், லாண்ட்மாஸ்டரில் (இரு சில்லு உழவு இயந்திரத்தில்) கயிறு கட்டி இழுக்கிற ஊர்ப் பழக்கம் மனுவல் கியர் காருக்கு, கிட்டத் தூரத்துக்கு மட்டும் சரி. முன் சில்லு இயங்கும் ஓட்டோமற்றிக் காரை அந்தச் சில்லு நிலத்தில் உருள இழுத்தால் கியர் பெட்டி பழுதாகும். ஹைபிரிட்டில் சில்லு உருள மோட்டர் மின்சாரம் பிறப்பிக்கும், அதுவும் ஆபத்து. முன் சில்லுகளைத் தூக்கி, அல்லது முழுக் காரையும் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். முழுக் காப்புறுதி ஒப்பந்தங்கள் பலவற்றில் இழுவைச் செலவுக்கு ஒரு தொகை உண்டு, கேளுங்கள்.

கழுத்து

நின்ற காரில் பின்னால் அடி விழும்போது சீற் உடம்பை முன்னால் தள்ளும், தலை அந்த இடத்திலேயே பின்தங்கும், பிறகு முன்னால் வீசப்படும். கழுத்துத் தசையும் நாரும் அந்த நொடியில் இழுபடுகின்றன. அந்த நேரம் பதற்றத்தில் ஒன்றும் தெரியாது. நோவும் இறுக்கமும் தலையிடியும் ஒரு நாள், இரண்டு நாள் கழித்து வரும்.

முதல் இரண்டு நாளும் துணியில் சுற்றிய ஐஸ் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். கழுத்தை மெதுவாக அசைத்துக்கொண்டிருங்கள், அசைக்காமல் படுத்துக் கிடந்தால் இறுக்கம் கூடும். நோவெண்ணெய் பூசி இறுக்கி உருவுவதும் கழுத்தைத் திருப்பி நெட்டி முறிப்பதும் கூடவே கூடாது. கை விறைப்பு, பலக்குறைவு, தொடர்ந்து சத்தி, கூடிக்கொண்டு போகும் தலையிடி, பார்வை இரட்டிப்பது, பேச்சுத் தடுமாறுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் யாழ் போதனா வைத்தியசாலையின் விபத்துப் பிரிவுக்கு உடனே. போனதும் "வாகன விபத்து" என்று சொல்லியே பதியுங்கள். "சும்மா கழுத்து நோ" என்று பதிந்துவிட்டால் அதை விபத்தோடு பின்னர் பொருத்த முடியாது. மருந்துத் துண்டையும் பற்றுச்சீட்டையும் எறியாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் தலை சாய்க்கும் மெத்தையின் உயரத்தையும் பாருங்கள். உறை போடுவதற்காக அடிவரை அமத்திவிட்ட கார்கள் இங்கே அனேகம். அதன் மேல் விளிம்பு உச்சந்தலை மட்டத்தில் இருக்க வேண்டும், கழுத்து மட்டத்தில் இருந்தால் அது தலையைத் தடுக்காது.

கராஜில்

காப்புறுதி மதிப்பீட்டாளர் பார்க்க முன்னர் பம்பரைக் கழற்ற விடாதீர்கள். பார்த்த பிறகு கழற்றாமல் விடாதீர்கள். கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். கழற்றியதும் உள்ளே இருப்பதைப் படமெடுத்து, புதிதாகத் தெரிந்த சேதத்துக்கு இரண்டாம் பார்வை கேளுங்கள். முதல் மதிப்பீட்டில் இல்லாததை அறிவிக்காமல் திருத்திவிட்டுப் பிறகு காசு கேட்டால் தரமாட்டார்கள். கழற்றிய பழைய சாமான்களையும் கணக்கு முடியும்வரை கராஜிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள், சில நிறுவனங்கள் அவற்றைக் கேட்கும்.

உள்ளே பார்ப்பது இப்படி. மெத்தையில் வெடிப்பு இருந்தால் மாற்றத்தான் வேண்டும், ஒட்டி வேலை செய்யாது. சட்டத்தின் நீளத்துக்கு ஒரு மட்டக்கோலை வைத்தால் வளைவு தெரியும். வளைந்த சட்டத்தைச் சூடாக்கி நிமிர்த்தித் தருகிறேன் என்பார்கள், சம்மதிக்க வேண்டாம். சூடு காட்டிய இரும்பு அடுத்த அடியைத் தாங்காது. பின் தகட்டில், லைற் பெட்டிக்குக் கீழே, பெயின்ற் அலை அலையாக நெளிந்திருக்கிறதா? பொருத்துகளில் பூசிய பசை வெடித்திருக்கிறதா? ஸ்பெயார் வீல் குழியின் தகடு சுருங்கியிருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அடி செஸிக் கைவரை போயிருக்கலாம். அப்போது அளவுநாடாவால் குறுக்கு மூலை அளவு எடுக்க வேண்டும்: இடப்பக்கப் பின் போல்ற் துளையிலிருந்து வலப்பக்க முன் துளைக்கு, பிறகு மறுபக்கம். இரண்டும் ஐந்து மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசப்பட்டால் சுத்தியல் வேலை போதாது, செஸி இழுக்கும் மேசை உள்ள இடத்துக்குப் போக வேண்டும்.

கழற்றாமலே ஓரளவு கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. டிக்கியைப் பூட்டிவிட்டு, அதன் விளிம்பு இடைவெளியை இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் பென்சில் நுழைந்து மறுபக்கம் நுழையாவிட்டால் தகடு நகர்ந்திருக்கிறது. பின் கதவுகளின் இடைவெளியையும் அப்படியே பாருங்கள்.

மதிப்பீட்டில் சாமான், டிங்கர் கூலி (தகடு தட்டி நிமிர்த்தும் கூலி), பெயின்ற் மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். பாவித்த ஜப்பான் சாமான் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பிப்பது வழக்கம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஊரில் ஓடியதெல்லாம் பழைய கார்கள்தான், அதனால் நல்ல பாவித்த பம்பருக்குப் போட்டி கூடியது. வந்த பம்பரை வாங்க முன்னர் இரண்டு ஓரத்திலும் உள்ள கொளுவிகளை எண்ணிப் பாருங்கள். வழியில் உடைவது அவைதான். கொளுவி இல்லாத பம்பரை ஸ்குரூ அடித்துப் பொருத்தினால் மூன்று மாதத்தில் வாய் பிளக்கும்.

நிறத்துக்குக் கண்ணை நம்ப வேண்டாம். கதவுத் தூணிலோ பொனற்றின் உள்ளேயோ உள்ள தகட்டில் நிற இலக்கம் இருக்கும். ரொயோட்டாவில் 040 சாதாரண வெள்ளை, 070 முத்து வெள்ளை. முத்து வெள்ளைக்கு அடி நிறம், முத்துப் பூச்சு, மேல் பளபளப்பு என்று மூன்று அடுக்கு வேண்டும். அதற்கு 040 அடித்துவிட்டால் நிழலில் ஒன்றாகத் தெரியும், வெயிலில் பம்பர் மட்டும் வெளிறிப்போய் நிற்கும். பிளாஸ்ரிக்குக்கு அதற்கென்று உள்ள பிறைமர் முதலில் பூச வேண்டும். பூசாவிட்டால் பெயின்ற் தோல் மாதிரி உரியும். தகட்டில் பள்ளம் நிரப்பும் பேஸ்ற் இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேல் போனால் பிறகு வெடிக்கும். ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டாத இடத்தில் தகட்டுக்கு மேல் தடிப்பாகப் பேஸ்ற் இருக்கிறது. உள்ளே தட்டி நிமிர்த்திய பக்கத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சு அடிக்கச் சொல்லுங்கள். தீவுப் பக்கம், கரையோரம் ஓடும் கார்களுக்கு இது கட்டாயம், உப்புக் காற்று ஒரு மாரியிலேயே தகட்டைத் தின்னும்.

காரை எடுக்கும்போது பகலில், வெயிலில் பாருங்கள். லைற்றுகள், றிவேர்ஸ் சென்சர், கமரா, டிக்கிப் பூட்டு, நாலு கதவு. பிறகு ஸ்பெயார் வீலைத் தூக்கி, குழிக்குள் பத்திரிகைத் தாளை விரித்து, டிக்கியைப் பூட்டி, மேலிருந்து குழாய்த் தண்ணீரைப் பத்து நிமிடம் விடச் சொல்லுங்கள். தாள் நனைந்திருந்தால் பொருத்துப் பசை சரியாகப் பூசப்படவில்லை, காரைத் திரும்பக் கொடுங்கள். இந்தச் சோதனையைக் கராஜில் செய்யாமல் வந்தவர்கள் கார்த்திகை மழையில் முதல் வாரமே தாளை விரித்துப் பாருங்கள்.